34,000 ரூபாய்க்கு வாங்குன பழைய ராலி சைக்கிள்: வாங்குன நாள்லேருந்து முடிவு வரைக்கும் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வாங்குனவரு திருச்சிக்காரரு, வயசு நாப்பத்து மூணு, எனக்கு பத்து வருஷமா பழக்கம். பேர் மட்டும் வேணாம், மத்தபடி நடந்ததை அப்படியே எழுதுங்க, வேற யாராவது பாத்து சுதாரிச்சுக்கட்டும்னு அவரே சொன்னதால எழுதுறேன். நான் பழைய சைக்கிள் பிரிச்சு மாட்டுறதை பதினஞ்சு வருஷமா ஆசைக்காக செய்றவன், தொழில் கிடையாது. இந்த விஷயத்துல எனக்கு அழைப்பு வந்தது வண்டி வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம்தான், அதையும் முதல்லயே சொல்லிடுறேன்.

அவங்க அப்பா ரிட்டயர்டு தொடக்கப்பள்ளி வாத்தியார், 79 வயசு. சின்ன வயசுல அவரோட சித்தப்பா வச்சிருந்த, ராலிங்கிற இங்கிலாந்து கம்பெனி பேர்ல வந்த சைக்கிள்ல பள்ளிக்கூடம் போனவரு. அந்த ராலி கதையைக் கேட்டே வளந்த பையன், கையில கொஞ்சம் காசு சேந்ததும் ஒரு ராலி வாங்கணும்னு ரெண்டு வருஷமா தேடிட்டு இருந்தாரு. வீட்டுல மொட்டை மாடி ஒழுகுது, மழைக்கு முன்னாடி தட்டோடு போடணும்னு அவரும் அவங்க வீட்டம்மாவும் நாப்பதாயிரம் தனியா எடுத்து வச்சிருந்தாங்க. சைக்கிளுக்குப் போன காசு அதுலேருந்து போனதுதான். இதைச் சொல்லாம விட்டா பின்னாடி எடுத்த முடிவு எதுவும் புரியாது.

வாங்குன நாள்

போன வருஷம் ஆகஸ்ட் மாசம். புதுக்கோட்டை பக்கம் ஒரு ஊர்ல பழைய சாமான் வாங்கி விக்கிற ஒருத்தர் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பியிருந்தாரு. கூடவே "1954 ராலி, இங்கிலாந்து ஒரிஜினல், ஃபுல் செட், மூணு கியர்" அப்படின்னு மெசேஜ். விலை 40,000. இவரு ஞாயித்துக்கிழமை காலையில பஸ் ஏறிப் போயிட்டாரு.

போன இடத்துல வண்டி பளபளன்னு கருப்பு பெயின்ட்ல நின்னுச்சு, முன்னாடி ஹெட் பேட்ஜ்ல, அதாவது கம்பெனி சின்னத் தகட்டுல, இங்கிலாந்து ராலி ஃபேக்டரி இருந்த ஊரான நாட்டிங்ஹாம் பேரு போட்டிருந்துச்சு, பின்னாடி ஸ்டர்மி ஆர்ச்சர்ங்கிற இங்கிலாந்து கம்பெனியோட மூணு கியர் ஹப் (சக்கரத்து நடுவுல இருக்கற உருளை, கியர் அதுக்குள்ளதான்), தோல் சீட்டு, ஹேண்டில்பார்ல ஒரு பித்தளை வில்லை. வித்தவரு மூணு ஆதாரம் சொன்னாரு. பேட்ஜ் இருக்கு பாருங்க, கியர் ஹப் மேலயே வருஷம் குத்தியிருக்கும், சைக்கிள் வரி கட்டுன வில்லை இருக்கு. அதோட "இன்னைக்கு சாயந்திரம் சென்னைல இருந்து ஒரு பார்ட்டி வருது"ன்னும் சொல்லிட்டாரு. இவரு இருபது அடி தூரம் ஓட்டிப் பாத்தாரு, அவ்வளவுதான். ஹப் மேல எண்ணெய் அழுக்கு கெட்டியா அப்பியிருந்ததால நம்பரைப் படிக்கல. 34,000க்கு பேசி முடிச்சு அங்கேயே போன்ல காசு அனுப்பிட்டாரு. குட்டியானை வாடகை 1,800. மொத்தம் 35,800.

வீட்டுல முதல்ல பாத்தது

வண்டி இறங்குனதும் வாத்தியார் ஐயா கண்ணாடியை மாட்டிட்டு வந்து சுத்திப் பாத்தாரு. ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசலையாம். அப்புறம் குனிஞ்சு செயின் வீல்ல கையை வச்சு, "இதுல கொக்கு இருக்குடா, இது ராலிதான். ஆனா முன் ஃபோர்க் ராலி இல்ல, ராலிக்கு மேல உருண்டையா குழாய் மாதிரி வந்து ரெண்டு பக்கமும் வெள்ளைத் தொப்பி போட்டிருக்கும்"னு சொல்லியிருக்காரு.

அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி. ராலியோட சின்னம் கொக்குத் தலை, செயின் வீலையே மூணு கொக்குத் தலை வர்ற மாதிரி வெட்டியிருப்பாங்க. ஹம்பர்ங்கிற இன்னொரு இங்கிலாந்து சைக்கிள்னா ஓடுற மனுஷங்க உருவம் இருக்கும். அதே மாதிரி ராலி ரோட்ஸ்டரோட ஃபோர்க் கிரவுன், அதாவது முன் ஃபோர்க்கோட தலைப்பகுதி, குழாய் வடிவத்துல, ரெண்டு முனையிலயும் குரோம் தொப்பியோட இருக்கும், தெருக்கோடியிலேருந்து பாத்தாலே அடையாளம் தெரியும். இந்த வண்டியில இருந்தது இன்னைக்கும் எந்த சைக்கிள் கடையிலயும் தொங்குற சாதா தட்டை கிரவுன் ஃபோர்க்.

வில்லையைப் பத்தியும் ஐயா ஒண்ணு சொன்னாரு. அந்தக் காலத்துல பஞ்சாயத்து, முனிசிபாலிட்டியில சைக்கிளுக்கு வரி கட்டுனா வில்லை குடுப்பாங்க, அது திருகுல மாட்டுறது, கழட்டி வேற வண்டியில மாட்டுறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது, வில்லை இல்லாதவன் பிடிபடாம இருக்க அடுத்தவன் வில்லையைக் கழட்டுனதும் உண்டுன்னாரு. அதனால வில்லை வில்லையோட வயசை மட்டும்தான் சொல்லும். அன்னைக்கு ராத்திரிதான் எனக்கு போன் வந்துச்சு.

பிரிச்சுப் பாத்தது

அடுத்த சனிக்கிழமை நானும் எங்களுக்கு பழக்கமான சைக்கிள் கடை பாயும் போனோம். பாய் நாப்பது வருஷமா கடை வச்சிருக்காரு, வாடகை சைக்கிள் காலத்துலேருந்து.

முதல்ல ஹப். மண்ணெண்ணெய் நனைச்ச துணியால தேய்ச்சதும் எழுத்து தெளிவா வந்துச்சு: ஏ டபிள்யூன்னு ஹப்போட மாடல் பேரு, பக்கத்துல 55, அப்புறம் 10. ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்புல இந்த எண்ணு வருஷமும் மாசமும், அதாவது 1955 அக்டோபர். ஹப் ஒரிஜினல்தான், நல்ல ஹப்பும் கூட. ஆனா 1954 வண்டின்னு சொல்லி வித்ததுல 1955 அக்டோபர்ல செஞ்ச ஹப் எப்படி வரும்? வித்தவரு ஆதாரம்னு கை நீட்டுன பொருளே அவரு சொன்ன வருஷத்தை இல்லைன்னு சொல்லிடுச்சு. அதோட பின் ரிம்முல நாப்பது போக்ஸ் கம்பியும் புதுசு, அதனால ஹப்பை எங்கேயிருந்தோ எடுத்து இந்த ரிம்முல கோத்திருக்காங்கன்னு பாய் பாத்த உடனே சொல்லிட்டாரு.

அடுத்தது பேட்ஜ். ராலி பேட்ஜை ரெண்டு சின்ன ரிவெட்டுல அடிச்சிருப்பாங்க, எழுபது வருஷ வண்டின்னா அந்த ரிவெட் தலையைச் சுத்தி அழுக்கும் பழைய பெயின்டும் ஏறியிருக்கும். இங்க அலுமினிய ரிவெட் வெள்ளையா மின்னுச்சு, பேட்ஜ் விளிம்புக்கு அடியில நகத்தை விட்டுப் பாத்தா புது கருப்பு பெயின்ட் உள்ள வரைக்கும் போகுது. அதாவது பெயின்ட் அடிச்சதுக்கு அப்புறம் பேட்ஜ் ஒட்டியிருக்காங்க.

ஃபிரேம் எதுன்னு தெரியணும்னா பெயின்டுக்கு அடியில பாக்கணும். சீட்டுக்குக் கீழ நிக்கிற குழாயில, வெளியில தெரியாத பக்கமா, ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் தின்னர் தொட்டு பஞ்சால மெதுவா எடுத்தோம். அரை மணி நேரம் ஆச்சு. புதுக் கருப்பு போனதும் பழைய கருப்பு, அதுல தங்கக் கலர்ல தேஞ்சுபோன ஸ்டிக்கர் எழுத்து, கடைசி நாலு எழுத்து படிக்க முடிஞ்சது, இந்தியாங்கிற வார்த்தையோட வால்.

அப்போ விஷயம் தெளிவாயிடுச்சு. இது சென் ராலி. ஐம்பதுகள்ல மேற்கு வங்காளத்துல அசன்சோல்ல ஆரம்பிச்ச ஃபேக்டரி, இங்கிலாந்து ராலி கூட சேந்து இந்தியாவுலயே ராலி செஞ்சாங்க. அதே காலகட்டம்தான் நம்ம அம்பத்தூர்ல 1949ல தொடங்குன டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ் போட ஆரம்பிச்சதும், 1951ல சோனிபட்ல அட்லஸ் வந்ததும். ஆக ராலின்னு எழுதியிருந்தாலே அது கப்பல்ல வந்த வண்டின்னு நினைக்கக் கூடாது, நம்ம தாத்தாக்கள் ஓட்டுன ராலியில நிறைய அசன்சோல் ராலிதான். அதுல குறைச்சல் எதுவும் இல்ல, என்னைக் கேட்டா அந்த ஃபிரேமை நான் கும்பிட்டு வாங்கிப்பேன், ஆனா நாட்டிங்ஹாம் விலைக்கு வாங்க மாட்டேன்.

சீட்டு புரூக்ஸ்ங்கிற இங்கிலாந்து கம்பெனி சீட்டுதான், ரெண்டு ரிவெட்டுக்கு நடுவுல தோல் கிழிஞ்சிருந்துச்சு. முன் வீல், மட்காட், செயின் கவர், ஹேண்டில் எல்லாம் புதுசா வர்ற உள்ளூர் சாமான்.

நானும் பாயும் தனித்தனியா தாள்ல விலை எழுதி அப்புறம் ஒப்பிட்டோம். ஹப் 5,000, ஃபிரேமும் செயின் வீலும் சேத்து 3,000, சீட்டு 2,000, மத்ததெல்லாம் 1,500. மொத்தம் 11,500. பாய் எழுதுனது என்னுதை விட ஐநூறு கம்மி.

கையில இருந்த வழிகள்

அடுத்த ரெண்டு வாரம் அவரு ரொம்ப கஷ்டப்பட்டாரு. வீட்டம்மா சண்டை போடல, தட்டோடு பத்தி பேச்சையே எடுக்கல, அதுதான் இன்னும் அழுத்துதுன்னு சொன்னாரு.

அவருக்கு முதல்ல தோணுனது வண்டியை முழுசா புதுப்பிக்கிறது. பவுடர் கோட்டிங், குரோம், தங்கக் கோடு எல்லாம் போட்டு 18,000 ஆகும்னு ஒரு இடத்துல சொல்லியிருந்தாங்க. அப்படிச் செஞ்சா முப்பத்தி நாலாயிரத்துக்கு தகுதியான வண்டி ஆயிடும்ல அப்படின்னு அவரு கேட்டப்போ நான் கொஞ்சம் கடுமையாவே பேசிட்டேன். இது விட்டதைப் பிடிக்கிற வேலை, சீட்டாட்டத்துல ஆளுங்க செய்றது. ஐம்பத்தி மூணாயிரத்து எட்டுநூறு போட்டு முடிச்சதும் சந்தையில அதுக்கு பதினஞ்சுக்கு மேல கிடைக்காது, அதோட அந்தப் பழைய பெயின்டும் தங்க எழுத்தும், இந்த வண்டி யாருன்னு சொல்ற ஒரே சாட்சி, அதுவும் சுரண்டிப் போயிடும்.

ரெண்டாவது வழி தானா வந்துச்சு, அதுதான் ஆபத்தான வழி. மலைப்பக்கம் காபி கடை வச்சிருக்க ஒருத்தர் இவரோட ஸ்டேட்டஸ்ல முதல் நாள் போட்ட போட்டோவைப் பாத்துட்டு கடை வாசல்ல நிறுத்த 30,000 தர்றேன்னாரு. வாய்ல இருந்து ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தா போதும், நாட்டிங்ஹாம் பேட்ஜே பேசிடும். அவருக்கு ஆசை வந்துச்சு, வரும், வீட்டுல மழை ஒழுகுதே. நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி அவங்க வீட்டம்மா, "அவருகிட்ட உள்ளதைச் சொல்லிட்டு என்ன தருவாருன்னு கேளுங்க"ன்னாங்க. அன்னைக்கே போன் பண்ணி சொன்னாரு. காபி கடைக்காரரு நன்றி சொல்லிட்டு 12,000 தர்றேன்னாரு. எங்க தாள்ல இருந்த கணக்குக்கு கிட்டத்தட்ட அதே தொகை.

மூணாவது, வித்தவர்கிட்ட திருப்பிக் குடுக்கறது. நாலாவது, பாகம் பாகமா பிரிச்சு விக்கிறது, ஹப்பை மட்டும் கேட்டு ரெண்டு பேரு வந்தாங்க. அஞ்சாவது, ஓட்டுற அளவுக்கு மட்டும் சரி பண்ணி வச்சுக்கறது.

வித்தவர்கிட்ட பேசுனது

திருப்பி எடுத்துக்கங்கன்னு முதல்ல போன் பண்ணப்போ "பாத்துட்டுத்தானே எடுத்தீங்க"ன்னு வச்சுட்டாரு. கோபத்துல திரும்பத் திரும்ப கூப்பிட வேண்டாம்னு சொல்லி, எல்லாத்தையும் எழுத்துல போடச் சொன்னேன். அவரு அனுப்புன மெசேஜ், காசு அனுப்புன ரசீது, ஹப் நம்பர் போட்டோ, பேட்ஜ் ரிவெட் போட்டோ, ஃபிரேம் எழுத்து போட்டோ, இது அஞ்சும் வரிசையா, திட்டு ஒரு வார்த்தை இல்லாம. கடைசியா ஒரு வரி: நீங்க தொடர்ந்து வாங்கி விக்கிற ஆளு, அதனால மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போட முடியும், ரெண்டு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, அஞ்சு லட்சத்துக்குள்ள இருக்கற பொருளுக்கு கட்டணமும் கிடையாது, ஆனா பேசி முடிச்சுக்கவே விரும்புறோம்.

ரெண்டு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டாரு. குரல் மாறியிருந்துச்சு. தானும் ஒரு காயலான் கடையில 22,000 குடுத்து இப்படியே நம்பித்தான் எடுத்தேன், பெயின்ட் மட்டும்தான் நான் அடிச்சேன், பேட்ஜ் வேற ஒரு டப்பாவுல கூடவே வந்துச்சு, மாட்டிட்டேன்னாரு. அது எவ்வளவு உண்மைன்னு தெரிஞ்சுக்க வழியில்ல. வண்டியைத் திருப்பி எடுக்க காசு இல்லை, 9,000 தர்றேன்னு சொல்லி ரெண்டு தவணையில குடுத்தும் முடிச்சாரு.

மனு போட்டிருந்தா இன்னும் அதிகம் கிடைச்சிருக்கலாம். ஆனா லீவு போட்டு அலையணும், எத்தனை மாசம் இழுக்கும்னு சொல்ல முடியாது, மழைக்காலம் வேற தலைக்கு மேல. அவரு 9,000ஐ வாங்கிட்டு, இதோட முடிஞ்சதுன்னு எழுத்துல ஒத்துக்கிட்டாரு.

எடுத்த முடிவும் அதுக்குக் காரணமும்

இப்போ மிச்சம் ரெண்டே வழி, 12,000க்கு காபி கடைக்கு குடுக்கறது இல்லன்னா வச்சுக்கறது. நான் குடுத்துடுங்கன்னுதான் சொன்னேன். 9,000மும் 12,000மும் சேந்தா 21,000 கையில வந்துடும், தட்டோடு வேலையை ஆரம்பிச்சுடலாம்.

அவரு யோசிக்க நேரம் கேட்டாரு. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வந்தேன்: முப்பத்தி நாலாயிரத்தை மறந்துடுங்க, அது போயிடுச்சு. இன்னைக்கு உங்க கையில 12,000 இருக்கு, எதிர்ல இந்த அசன்சோல் ராலி நிக்குது, என்னென்ன கலந்திருக்குன்னு முழுசா தெரியும், வாங்குவீங்களா?

மூணு நாள் கழிச்சு வாங்குவேன்னு சொன்னாரு. ஆபீஸ் மூணு கிலோமீட்டர், தினமும் பைக்குல போறேன், இதுல போறேன், மூணு மாசத்துல வண்டி சும்மா நின்னா நானே குடுத்துடுறேன்னு வீட்டுலயும் சொல்லிட்டாரு. தட்டோடுக்கு தன்னோட கேமரா லென்ஸ் ஒண்ணை விக்கிறதா முடிவு பண்ணாரு. அது அவரோட கணக்கு, நான் குறுக்க போகல. ரெண்டு நிபந்தனை மட்டும் நானும் பாயும் வச்சோம், பெயின்ட் தொடக் கூடாது, செலவு ஐயாயிரத்தைத் தாண்டக் கூடாது.

செஞ்ச வேலை

பெரும்பாலும் சாதா வேலை. டயர் இருபத்தெட்டு ஒண்ணரை, இன்னைக்கும் எல்லா கடையிலயும் கிடைக்குது, டியூபோட 1,100. வீல் கோட்டம் எடுத்தது 900. கம்பி பிரேக்குக்கு கட்டையும் ராடும் 350, பால்ஸ் கோன் கோட்டர் பின் 400, கூலி 500.

ஹப்தான் ஒரு நாள் முழுக்க எடுத்துச்சு. ஓட்டும்போது மூணாவது கியர்ல கால் திடீர்னு வழுக்கி பெடல் சும்மா சுத்துச்சு, நடு ரோட்டுல எழுந்து நின்னு மிதிக்கும்போது அப்படி ஆனா விழுந்துடுவோம். பிரிக்கறதுக்கு முன்னாடி பாய் வலது பக்க பால் ரிங்குக்கும் ஹப் உடம்புக்கும் குறுக்க ஊசியால ஒரு கோடு கிழிச்சாரு. அந்த ரிங்குல மரை ரெண்டு வழி, திரும்ப மாட்டும்போது தப்பான வழியில ஏறிட்டா வீல் ஒரு பக்கமா தள்ளிடும், அதுக்குத்தான் அடையாளம். உள்ள எழுபது வருஷ எண்ணெய் வார்னிஷ் மாதிரி பழுப்பா காஞ்சு நாலு சின்னப் பல்சக்கரத்து மேலயும் படிஞ்சிருந்துச்சு. மண்ணெண்ணெய்ல ராத்திரி ஊறப்போட்டோம். காலையில பாத்தா பல்லு ஒண்ணு கூட தேயல, சக்கரமெல்லாம் புதுசு மாதிரி சாம்பல் கலர்ல இருந்துச்சு. நாய்க்குட்டி பல்லு அளவுல நாலு பூட்டு உள்ள இருக்கும், அதைத் தள்ளிப் பிடிக்கறது தலைமுடி கனத்துல ஒரு ஸ்பிரிங். அதுல ரெண்டு உடைஞ்சிருந்துச்சு. ஸ்பிரிங், கியர் கேபிள், கேபிளை ஹப்போட சேக்கற குட்டிச் சங்கிலி எல்லாம் சேத்து 1,100.

மாட்டுனதும் உள்ள கிரீஸ் அடைக்காம எண்ணெய் மட்டும் விட்டோம், அந்த ஹப் எண்ணெய்ல ஓடறது. ரெண்டாவது கியர்ல வச்சு, அச்சாணி நட்டுல இருக்கற ஓட்டை வழியா பாத்தா உள்ள வர்ற கம்பியோட முனை அச்சாணி முனைக்கு சமமா நிக்கணும். வாத்தியார் ஐயா ஸ்டூல் போட்டு உக்காந்து அதைப் பாத்துப் பாத்து "இன்னும் ஒரு சுத்து, போதும், போதும்"னு சொல்ல, பாய் திருகினாரு. வழுக்கறது நின்னுடுச்சு. மொத்த செலவு 4,350.

அதுக்கப்புறம்

நவம்பர் மழையில ஒரு ரூம் ஒழுகுச்சு. பீரோவை நகத்தி வாளி வச்சு சமாளிச்சாங்க, புள்ளையோட நோட்டு ரெண்டு நனைஞ்சு போச்சு. இதை அவரு இன்னைக்கும் மறக்கல, எழுதச் சொன்னதும் அவருதான். லென்ஸ் வித்த காசு, திரும்பி வந்த 9,000, பிப்ரவரி சம்பளம் எல்லாம் போட்டு தட்டோடு வேலை மார்ச்ல முடிஞ்சுது.

சைக்கிள் தினமும் ஓடுது. மூணு மாசக் கெடு தாண்டி இப்போ ஒன்பது மாசம். கணக்குப் பாத்தா வாங்குனதும் வாடகையும் 35,800, திரும்பி வந்தது போக, செலவு சேத்து, வண்டி அவருக்கு 31,150ல நிக்குது. அதுல கிட்டத்தட்ட இருபதாயிரம் நட்டம்னு அவரே நோட்டுல எழுதி வச்சிருக்காரு, வேற பேர் எதுவும் குடுக்கல. வித்திருக்கணும்னு நான் அன்னைக்கு சொன்னது காசுக்கணக்குல சரிதான், ஆனா தினமும் ஓட்டுவாருன்னு நான் நம்பல, அந்த இடத்துல என் கணிப்பு தப்பு.

அடுத்த தடவை மாத்திக்கறது

பழைய சைக்கிள் பாக்கப் போகும்போது மண்ணெண்ணெய் நனைச்ச துணியும் டார்ச்சும் எடுத்துட்டுப் போகணும், ஹப் நம்பரைப் படிக்காம விலை பேசக் கூடாது. படிச்சாலும் அது ஹப்போட வயசுதான். ஃபோர்க் கிரவுன், செயின் வீல், பேட்ஜ் ரிவெட் மூணும் ஒரே கதையைச் சொல்லுதான்னு பாக்கணும். புதுசா பெயின்ட் அடிச்ச வண்டின்னா விலை ஏறக் கூடாது, இறங்கணும், ஏன்னா அடியில இருக்கறது மறைஞ்சு போச்சு. அரை கிலோமீட்டராவது மூணு கியர்லயும் ஓட்டணும். சாயந்திரம் வேற பார்ட்டி வருதுன்னு சொன்னா வரட்டும்னு விட்டுடணும், முடியலைன்னா கால்வாசி அட்வான்ஸ் குடுத்துட்டு வீட்டுல இருக்கற பெரியவங்களை கூட்டிட்டுப் போயி காட்டிட்டு மிச்சத்தைக் குடுக்கணும். வாத்தியார் ஐயா ஒருத்தரு அன்னைக்கு கூட இருந்திருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.

வித்தவர் விஷயத்துல என் பக்கம் மாத்திக்கறது ஒண்ணு. எழுத்துல அனுப்பறதை முதல் போனுக்கு முன்னாடியே செஞ்சிருக்கணும். போன்ல பாத்துட்டுத்தானே எடுத்தீங்கன்னு அவரு சொன்னதுக்கு எங்ககிட்ட அப்போ பதில் இருந்துச்சு, ஆனா வரிசையா சொல்ல வரல.

இன்னொண்ணு, இதை இப்பவே செஞ்சுட்டோம். சீட்டுக்குப் பின்னாடி தொங்குற டூல் பைக்குள்ள பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு தாள் இருக்கு, ஐயா கையெழுத்துல. ஃபிரேம், செயின் வீல் அசன்சோல் சென் ராலி. பின் ஹப் 1955 அக்டோபர், வேற வண்டியோடது. சீட்டு புரூக்ஸ், கிழிசல் தைச்சது. ஃபோர்க், முன் வீல், மட்காட், செயின் கவர், ஹேண்டில் உள்ளூர் புதுசு. வில்லை எந்த வண்டியோடதுன்னு தெரியாது. நாட்டிங்ஹாம் பேட்ஜைக் கழட்டி வீட்டு மேசை டிராயர்ல வச்சிருக்காங்க, அது இருந்த இடத்துல ரெண்டு ரிவெட் ஓட்டை அடைக்காம அப்படியே இருக்கு.